எண்ணோடு வழுவும்: சிறுநீரகப் படிம அளவீடு பற்றிய ஒரு விவாதம்

கொழும்பு மாளிகாவத்தையில் இருக்கும் சிறுநீரகவியல், டயலிசிஸ், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கான தேசிய நிறுவகம் தலைநகரவாசிகளுக்கு மட்டுமான இடமன்று. தூர மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் அங்கே வருகிறார்கள். இப்படி வருகிறவர்களின் கோப்புகளில் அநேகமாக ஓர் அல்ட்ராசவுண்ட் அறிக்கை இருக்கும். வலது சிறுநீரகத்தின் நீளம் இவ்வளவு, இடதினது இவ்வளவு, புறணி ஈரலைவிட வெளிறித் தெரிகிறதா இல்லையா என்று இரண்டு மூன்று வரிகள். சிலருக்கு பயொப்சி அறிக்கையும் இருக்கும். அதில் நாராதல் இத்தனை சதவீதம் என்றொரு எண்.

சிகிச்சைக்கு இந்த எண்கள் போதும். சிறுநீரகம் சுருங்கிவிட்டதா என்று வைத்தியர் தெரிந்துகொள்ள 9.2 சென்டிமீட்டரா 9.5 சென்டிமீட்டரா என்பது பெரிய விடயமல்ல. அதே எண் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைக்குள் போய், ஒரு மாவட்டத்தை இன்னொரு மாவட்டத்தோடும் இந்த ஆண்டை அடுத்த ஆண்டோடும் ஒப்பிடப் பயன்படும்போதுதான் சிக்கல். கணினிப் படிமத்திலிருந்து எடுத்த எண்ணை, அதன் வழு எவ்வளவு என்று சொல்லாமல் வெளியிடுவது அரை அளவீடு என்பதே இக்கட்டுரையின் வாதம். தொழில்துறையினர் இதை நெடுநாளாக அறிவார்கள். மருத்துவ ஆய்வாளர்கள் அறிந்தும் எழுதுவதில்லை.

இலங்கையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசரம் உண்டு. 1990களில் வட மத்திய மாகாணத்தில், குறிப்பாக மதவாச்சி, பதவியா போன்ற இடங்களின் விவசாயிகளிடையே அடையாளம் காணப்பட்ட, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் நீரிழிவாலும் உயர் குருதியழுத்தத்தாலும் விளங்கவைக்க முடியாதது. சிறுநீரில் புரதம் பெரும்பாலும் குறைவாகவே போகும். அதனால் நோய் முற்றும்வரை சாதாரணச் சிறுநீர்ச் சோதனை பெரிதாக எதையும் காட்டாமல் விடலாம். பாதிப்பு முதன்மையாகச் சிறுகுழாய்களிலும் அவற்றுக்கு இடைப்பட்ட இழையத்திலும் நிகழ்கிறது. அதை நேரில் காட்டுவது பயொப்சியும், ஓரளவுக்கு ஸ்கானும்தான். காரணத்தைத் தேடுகிறவர்கள் நீர், பாசனம், விவசாய இரசாயனம், வெப்பம் என்று எதை எடுத்தாலும், மறுபக்கத்தில் நோயின் அளவு என்று வைக்க ஓர் எண் வேண்டும். அந்த எண் தளர்ந்தால் காரணம் பற்றிய முடிவும் தளரும்.

முதலில் அல்ட்ராசவுண்ட். அந்தக் கருவி தூரத்தை அளப்பதில்லை, நேரத்தையே அளக்கிறது. ஒலித்துடிப்பு போய்த் திரும்ப எடுத்த நேரத்தை, மெல்லிழையத்தில் ஒலி செக்கனுக்கு 1540 மீட்டர் செல்கிறது என்ற எடுகோளால் தூரமாக மாற்றித் திரையில் போடுகிறது. நீரில் இந்த வேகம் வேறு. 30 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1509 மீட்டர். ஆகவே கொழும்பின் அறைவெப்பத்தில் ஒரு வாளித் தண்ணீருக்குள், ஒலி செல்லும் திசையில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு கம்பிகளைக் கட்டிப் பார்த்தால் திரை 10.2 என்று காட்டும். கருவி பழுதில்லை. எடுகோளுக்கும் ஊடகத்துக்கும் இடையிலான வேறுபாடு அப்படித் தெரிகிறது, அவ்வளவே.

இதே பௌதிகம், மாளிகாவத்தையிலிருந்து அதிக தூரமில்லாத கொழும்புத் துறைமுகத்தில், கப்பல் திருத்தும் தொழிலில் வேறொரு ஒழுங்கோடு பயன்படுகிறது. கப்பலின் உருக்குத் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மீயொலித் தடிப்புமானியால் பார்ப்பவர், வேலை தொடங்குமுன் தடிப்பு தெரிந்த படிக்கட்டு வடிவ உருக்குக் கட்டியொன்றில் கருவியை வைத்துச் சரிபார்க்கிறார். உருக்கில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 5900 மீட்டர் அளவில் என்றாலும், உலோகத்தின் வகைக்கேற்ப மாறும் என்பதால் அதே வகை உலோகக் கட்டியே தேவை. எந்தக் கருவி, எந்தக் கட்டி, எந்த இடத்தில் எத்தனை அளவு என்பதெல்லாம் அறிக்கையில் ஏறும்; ஏறாவிட்டால் கப்பல் தர நிறுவனம் அறிக்கையை ஏற்காது. களனியில் இலங்கை அணுசக்திச் சபை நடத்தும் அழிவில்லாச் சோதனைக்கான தேசிய நிலையம் இத்தகைய வேலைக்கே பயிற்சி தருகிறது. தகட்டுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் சிறுநீரகத்துக்குக் கிடைக்கக் கூடாதா?

ஒலிவேகத்தால் வரும் வழு சிறியதுதான். பெரிய வழு கையில் இருக்கிறது. சிறுநீரகம் சற்றே சாய்ந்து கிடக்கும் உறுப்பு. அதன் நீண்ட அச்சில் சரியாக வெட்டும் தளத்தைத் தேடிப் பிடிப்பது ஸ்கான் செய்பவரின் திறமை. கொஞ்சம் தவறினால் நீளம் குறையும். இரண்டு பேர் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை வேறுபடுவது அரிதல்ல. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 0.523 ஆல் பெருக்கும் நீள்வளையத் திண்மச் சூத்திரத்தால் கனவளவு கணிக்கும்போது இந்த வழுக்கள் சேர்ந்து பெருகுகின்றன. 10, 5, 4.5 சென்டிமீட்டர் என்றால் கனவளவு சுமார் 118 மில்லிலீட்டர். இன்னொருவர் அதே சிறுநீரகத்தை 10.5, 5.3, 4.8 என்று அளந்தால் 140. எந்த அளவிலும் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றமில்லை, நீளத்தில் மட்டும் ஐந்து. ஆனால் கனவளவு 19 சதவீதம் ஏறிவிட்டது. போதாததற்கு, சிறுநீரகம் நீள்வளையத் திண்மமும் அல்ல.

இதன் விளைவை ஓர் உதாரணம் காட்டும். பரம்பரையாக வரும் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய்க்கு டொல்வப்டான் என்ற மருந்தைச் சோதித்து 2012 இல் வெளியான பெரிய ஆய்வில் 1,445 நோயாளர் மூன்றாண்டுகள் பின்தொடரப்பட்டனர். மருந்து பெற்றவர்களில் சிறுநீரகங்களின் மொத்தக் கனவளவு ஆண்டுக்கு 2.8 சதவீதமும், பெறாதவர்களில் 5.5 சதவீதமும் வளர்ந்தது. வேறுபாடு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. எம்.ஆர்.ஐ. படங்களில் ஒவ்வொரு வெட்டுமுகமாக எல்லை வரைந்து கனவளவைக் கூட்டியதால் அது தெளிவாகப் புலப்பட்டது. 19 சதவீதம் தள்ளாடும் முறையில் இவ்வளவு சிறிய வேறுபாடு எளிதில் மறைந்துபோகும். மருந்து பயனற்றது என்ற முடிவும் வந்திருக்கலாம். மொத்தச் சிறுநீரகக் கனவளவை நோயின் போக்கை முன்னுரைக்கும் குறிகாட்டியாக ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது பயொப்சி. இங்கே வரலாறு சுவையானது, ஏனெனில் நுணுக்குக்காட்டியில் இழையத்தை அளக்கும் கணிதம் ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. 1847 இல் பிரெஞ்சு நிலவியலாளர் டெலெஸ், பாறையின் மெருகிட்ட முகத்தில் ஒரு கனிமம் பிடிக்கும் பரப்பளவின் பங்கும், முழுப் பாறையில் அது பிடிக்கும் கனவளவின் பங்கும் சமம் என்று காட்டினார். முகத்தின் மேல் எண்ணெய்த்தாளை வைத்துக் கனிமங்களின் எல்லையை வரைந்து, அதை வெள்ளீயத் தாளில் ஒட்டி வெட்டி, துண்டுகளை நிறுத்துப் பார்த்தார். 1898 இல் ரோசிவால் பரப்புக்குப் பதில் கோடுகளின் நீளம் போதும் என்றார். 1933 இல் ரஷ்யரான கிளகோலெவ், கோடும் வேண்டாம், புள்ளிகளை எண்ணினாலே போதும் என்றார்.

டெலெஸின் சமன்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: வெட்டுமுகம் எழுமாறாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே முகத்திலிருந்து கிடைப்பது ஒரு மதிப்பீடு, முகத்துக்கு முகம் அது மாறும். உலோகத் தொழில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. உருக்கிலோ வார்ப்பிரும்பிலோ ஒரு கூறின் கனவளவுப் பங்கைப் புள்ளி எண்ணி அறிவதற்கான அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். ஈ562, சராசரியோடு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் எழுத வேண்டும் என்கிறது. இடைவெளி இல்லாத முடிவு தரத்துக்கு ஏற்ற முடிவாகாது.

மருத்துவத்தில் நிலை என்ன? மாற்றிவைத்த சிறுநீரகத்தின் பயொப்சியை வாசிக்க உலகெங்கும் பயன்படுவது, 1991 இல் கனடாவின் பான்ஃப் நகரில் நடந்த கூட்டத்தில் உருவான வகைப்பாடு. புறணியில் நாராதல் 5 சதவீதம் வரை என்றால் ஒரு படி, 6 முதல் 25 வரை அடுத்தது, 26 முதல் 50 வரை அதற்கடுத்தது, அதற்கு மேல் கடைசிப் படி. நோயியல் நிபுணர் கண்ணால் மதிப்பிட்டு எழுதுகிறார். 24 என்று பார்த்தவரும் 27 என்று பார்த்தவரும் வேறு வேறு படிகளில் நிற்பார்கள். உலோகத்திலும் இழையத்திலும் கணக்கு ஒன்றே, டெலெஸின் கணக்கே. உலோகத்துக்கு இடைவெளி கட்டாயம், மனித இழையத்துக்குக் கட்டாயமில்லை.

கண்ணுக்குப் பதில் கணினியை வைத்தால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களில் பிறந்து 1997 முதல் இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளும், இப்போதைய நரம்பு வலையமைப்பு முறைகளும் ஒரு ஸ்லைடில் நாராதல் 23.47 சதவீதம் என்று நொடியில் சொல்லிவிடும். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் கண்ணைப் பறிக்கும். பத்து இலட்சம் பிக்சல்களை எண்ணியதால் எண்ணும் வழு அநேகமாகப் பூச்சியம்தான். ஆனால் அந்தப் பத்து இலட்சமும் ஊசி எடுத்து வந்த ஒரே துண்டுக்குரியவை, ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோறு எங்கும் ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் பொருந்தும். வட மத்திய மாகாணத்தின் இந்தச் சிறுநீரக நோயில் நாராதல் திட்டுத்திட்டாகவே வருகிறது.

குருதியை வடிகட்டும் நுண் முடிச்சுகளான கலன்கோளங்களில் இதைக் கணக்காகவே காட்டலாம். மாற்றுச் சிறுநீரக பயொப்சி போதுமானது எனக் கொள்ள பான்ஃப் வகைப்பாடு கேட்பது குறைந்தது 10 கலன்கோளங்கள். பத்தில் மூன்று தழும்பாகியிருந்தால் அறிக்கை 30 சதவீதம் என்று சொல்லும். ஈருறுப்புப் பரம்பலின்படி இதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 7 முதல் 65 வரை. அந்தப் பத்தையும் மனிதன் எண்ணினாலும் இயந்திரம் எண்ணினாலும் இடைவெளி இம்மியும் ஒடுங்காது. ஒரு மனிதச் சிறுநீரகத்தில் இருக்கும், ஆளுக்கொரு கலன்கோளம் கொண்ட சிறுநீரகத்திகளின் (நெஃப்ரோன்களின்) தொகையே இரண்டு இலட்சத்திலிருந்து இருபது இலட்சத்துக்கு மேல் வரை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சதவீதம் எதன் சதவீதம் என்ற கேள்வியும் எழுகிறது.

கணினி கூட்டும் வழுக்களும் உண்டு. சாயமிட்ட படத்தில் எந்த நிறச்செறிவுக்கு மேல் நார் என்று கொள்வது என்ற வாசல் பெறுமானத்தை ஆய்வாளர் வைக்கிறார், அல்லது 1979 இல் ஒட்சு தந்தது போன்ற ஒரு விதிமுறை வைக்கிறது. சாயத்தின் தொகுதி மாறினால் விடையும் மாறும். மெழுகில் பதிக்கும்போது இழையம் நீளத்தில் 10 சதவீதம் சுருங்கினால் பரப்பளவு 19 சதவீதமும் கனவளவு 27 சதவீதமும் குறையும். அளவுகோல் கதையோ இன்னும் பரிதாபம். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கண்ணாடி ஸ்லைடு ஒன்றைப் படம்பிடித்து ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்று நிறுவுவது சில நிமிட வேலை. அது செய்யப்படாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய படத்திலிருந்து விட்டம் அளப்பவர்களும் இருக்கிறார்கள்!

இதற்கு வரும் மறுப்பு நியாயமானதே. நோயாளி வார்ப்பிரும்பல்ல, அளவு நன்றாக வர வேண்டுமென்று ஊசியை ஐந்து முறை குத்த முடியாது. கூட்டம் நிரம்பி வழியும் சிகிச்சைக் கூடத்தில் ஒவ்வொரு நீளத்தையும் இருவர் அளக்கவும் முடியாது. ஒப்புக்கொள்கிறேன். மருத்துவம் அளவுதிருத்தமே அறியாததும் அல்ல. சி.டி. ஸ்கானில் நீர் பூச்சியம், காற்று கழித்தல் 1000 என்ற ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு, நீர் நிரப்பிய மாதிரியுருவால் ஒழுங்காகச் சரிபார்க்கப்படுகிறது. ஆனால் என் கோரிக்கை நோயாளியை மேலும் குத்தச் சொல்லவில்லை. இருக்கும் எண்ணின் பக்கத்தில் அதன் வழுவையும் எழுதச் சொல்கிறது. கலன்கோளங்களின் இடைவெளியைக் கணிக்க நோயாளி தேவையில்லை, கணிப்பான் போதும். ஆய்வில் சேர்ந்தவர்களில் ஒரு சிறு பகுதியினரை மட்டும் இரண்டாவது ஆள், முதலாமவரின் எண்ணைப் பாராமல் அளந்தால், அளப்பவரால் வரும் வழு முழு ஆய்வுக்கும் தெரிந்துவிடும்.

அப்படி அளந்தபின் இணைபுக் குணகம் 0.95 என்று எழுதி நிறுத்துவதும் ஏமாற்றே. ஒருவர் எப்போதும் ஒரு சென்டிமீட்டர் கூட்டியே அளந்தாலும் இணைபு உயர்ந்தே நிற்கும். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986 இல் லான்செட்டில் இதை விளக்கி, இரு அளவுகளின் வேறுபாட்டையும் அதன் எல்லைகளையும் தரும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பட்டப்பின் படிப்பு மாணவருக்கும் எட்டும் கணிதம் அது.

இங்கே பொறுப்பு ஆஸ்பத்திரிகளைவிட ஆய்விதழ்களுக்கே அதிகம். 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் உட்பட நம் நாட்டு இதழ்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணைக் கேட்கின்றன, அது சரியே. அதுபோல, படிமத்திலிருந்து அளந்த எந்த எண்ணுக்கும் கருவி, அளவுதிருத்தம், எத்தனை பேர் அளந்தார்கள், அவர்களுக்கிடையிலான வேறுபாட்டு எல்லை ஆகியவற்றை முறையியல் பகுதியில் எழுதும்படி ஆசிரியர் குழுக்கள் கேட்க வேண்டும். எழுதாத கட்டுரையை மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்ப வேண்டும்.