பழைய ரிவால்வர் மதிப்பீடு: கோலார் தங்கவயலை முன்வைத்து

பிறர் கையில் இருந்து வந்த ரிவால்வரின் நிலையையும் விலையையும் கணிப்பதே பழைய ரிவால்வர் மதிப்பீடு. அமெரிக்காவில் இது பெரும்பாலும் இரும்பையும் மெருகையும் பார்க்கிற வேலை. இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது காலிபர், அதாவது பேரலின் உள்விட்டம்; அடுத்தது லைசென்ஸ். இரும்பின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் .380, .455 தோட்டாக்களை ஏற்கும் ரிவால்வர்களைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்துள்ளன. அவற்றுக்கான லைசென்ஸ் மாவட்ட அளவில் கிடைக்காது. மத்திய உள்துறைதான் தர வேண்டும். .32 ரிவால்வர் அந்தத் தடைக்கு வெளியே இருக்கிறது. இதன் விளைவு விசித்திரமானது. பர்மிங்காமின் வெப்ளி அண்ட் ஸ்காட் நிறுவனம் மார்க் 4 ரிவால்வரை .38 காலிபரிலும் செய்தது, .32 காலிபரிலும் செய்தது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் .380 தோட்டாவை ஏற்பதால் .38 இங்கே வாங்க ஆளில்லாத பொருள். .32 என்றால் பல கைகள் நீளும். 1980களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்ததால், ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த வெளிநாட்டு .32 ரிவால்வர்களின் விலை அவற்றின் தரத்தைத் தாண்டி ஏறியது. தேய்ந்துபோன வெப்ளி புதிய இந்திய ரிவால்வரை விட அதிகம் விலைபோவதற்குக் காரணம் பற்றாக்குறைதான், வேலைப்பாடு அல்ல.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இந்தக் காலிபர் வேறுபாடு கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. பிரிட்டிஷ் நிறுவனமான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வகித்த சுரங்கங்களில் ஐரோப்பிய அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். அத்தகையோரைக் கொண்டு 1920இல் உருவான இந்தியத் துணைப்படையில் கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் பட்டாலியன் என்ற பிரிவு இருந்தது. 1947இல் துணைப்படை கலைக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர்கள் பெரும்பாலும் .455 வெப்ளி மார்க் 6 (1915), .38 என்ஃபீல்டு எண் 2 (1932) ஆகியவை. இரண்டுமே இன்று தடைப் பட்டியலில் உள்ளவை. ஆகவே பிரிட்டிஷ் காலத்து ரிவால்வர் என்ற பெருமை மட்டும் விலையைக் கூட்டிவிடாது. பல நேரம் அந்தப் பெருமையே விலையைக் கவிழ்க்கும். 'கே.ஜி.எஃப்.' படங்கள் பார்த்துவிட்டு வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த ஊர் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு சொல்: இங்கே வரலாறு மண்வெட்டியாலும் டைனமைட்டாலும் எழுதப்பட்டது.

முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி மதிப்பீடு முடிந்தது. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமையைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்து நின்றால், அது படையிலிருந்து முறைப்படி விற்கப்பட்டது என்று பொருள். விற்பனை முத்திரை இல்லாமல் ஒற்றை அம்பு மட்டும் இருந்தால், அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி எழும். கிரீடத்தின் கீழுள்ள எழுத்துகள் பர்மிங்காம் சோதனைச் சாலையில் அழுத்தச் சோதனை முடிந்ததற்கு அடையாளம். கல்கத்தா மான்டன், சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற பழைய கடைகளின் பெயர் பொறித்திருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதலாகத் தருவார்கள். பாகிஸ்தான் எல்லைப்புறத் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் செய்த நகல்களில் எழுத்துப் பிழைகளே காட்டிக்கொடுத்துவிடும்.

பொறியைச் சோதிக்கும் முன் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். வெப்ளி வகை, பேரலை முன்னால் மடித்துத் திறக்கும் அமைப்பு. அதன் உயிர்நாடி கீலும் பின்புறப் பூட்டும். மூடிய நிலையில் பேரலைப் பிடித்து அசைத்தால் கடகடக்கக் கூடாது. ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தால் இலேசான ஆட்டம் இருக்கலாம். தளர்ந்து சுழன்றால் அறை பேரலுக்கு நேராக நிற்கவில்லை, ஈயம் சிதறும். சிலிண்டருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. பேரலின் உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கையில் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். பழைய தோட்டாக்களின் பிரைமர் உப்பு விட்டுச்சென்ற துருக்குழிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மெருகு ஏமாற்றும். புதிதாக நீல மெருகேற்றியதில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், கூர்விளிம்புகள் உருண்டிருக்கும். மங்கினாலும் அசல் மெருகே விலை பெறும். சட்டகம், பேரல், சிலிண்டர் மூன்றிலும் எண் ஒன்றாக இருப்பது பெரிய பலம். வெளிநாட்டில் பல .455 வெப்ளிகளின் சிலிண்டரை .45 தானியங்கித் தோட்டாவுக்காகச் சீவியிருப்பார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் ஆயுதத்தின் வரம்பை மீறக்கூடும். இது மதிப்பையும் குறைக்கும், கையையும் ஆபத்தில் தள்ளும்.

ஒப்பிட உள்நாட்டு விலை உதவும். கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வர் வெப்ளி அமைப்பைத் தழுவியது. 2014இல் வந்த 500 கிராம் எடையுள்ள 'நிர்பீக்' ரிவால்வர் சுமார் 1.22 லட்சம் ரூபாய்க்கு அறிவிக்கப்பட்டது. 2023இல் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' வந்தது. பழைய இந்திய .32 ஒன்றை இவற்றின் அருகே வைத்துத்தான் பேரம் பேச வேண்டும்.

விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். தனியார் விற்பனை என்றால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். தங்கவயல் தனிக் காவல் மாவட்டம். ஆனால் வருவாய் நிர்வாகம் கோலாரில் என்பதால் மாஜிஸ்திரேட்டுக்கான கடிதம் அங்கே போக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் மூன்றாவதை விற்க வேண்டியவர்களும் சந்தைக்கு வந்தார்கள். உரிமையாளர் இறந்தால் ஆயுதம் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கப்பட வேண்டும். வாரிசுகள் விலை கேட்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும் என்ற யோசனையும் அடிக்கடி எழும். அதற்கு ஆயுத ஏற்றுமதி அனுமதி தேவை. அதோடு நூறு ஆண்டைக் கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்து மார்க் 6 அந்த வயதைத் தாண்டிவிட்டது.