லிவர்பூல் சீன–ஆங்கிலேயக் குடும்பங்கள்

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் குடியேறிய சீன மாலுமிகளுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்தோரின் கலப்பினச் சமூகம். 1860-களில் புளூ ஃபன்னல் கப்பல் நிறுவனம் சீனத்துடன் தொடங்கிய வணிகத்தை ஒட்டி உருவானது. இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கான சீனர் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பணியாற்றினர். போர் முடிந்ததும், 1945 அக்டோபரில் உள்துறை அமைச்சகம் இரகசியமாக எடுத்த முடிவின்படி, இவர்களுள் பலர் 1946-க்குள் கட்டாயமாகத் திருப்பியனுப்பப்பட்டனர். மணமாகிக் குழந்தை பெற்றவர்களும் தப்பவில்லை. அயல்நாட்டவரை மணந்த பெண்கள் பிரிட்டிஷ் குடியுரிமையை இழக்கும் சட்டம் அப்போது நடப்பிலிருந்ததால் மனைவியரின் நிலையும் நலிவுற்றது. தந்தை தம்மைக் கைவிட்டதாகவே நம்பிப் பிள்ளைகள் பலர் வளர்ந்தனர்; அரசுக் கோப்புகள் பின்னாளில் வெளிப்பட்டபோதே உண்மை துலங்கியது. நாடுகடத்தப்பட்ட மாலுமிகளுக்கான நினைவுப் பலகை 2006-இல் லிவர்பூல் பியர் ஹெட் பகுதியில் நிறுவப்பட்டது.