கடல்வழிப் பிரிவும் செந்தூலும்

பொருள் ஈட்டும் பொருட்டுத் தலைவன் பிரிந்து செல்லுதலைப் பொருள்வயிற் பிரிவு என்று தமிழ் இலக்கணம் வகுத்துக் கூறும். அப்பிரிவு கடல்வழியாயின் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. சென்று பொருளீட்டிச் சில திங்களில் மீளும் வணிகனுக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் மலாயாவுக்கு வந்த தமிழர் ஆண்டுக்கணக்கில் இங்கே தங்கினர். அவர்களிடத்தும் அப்பழைய வழக்கம் நீடித்ததன் விளைவு யாது? கோலாலம்பூரின் வடபாலுள்ள செந்தூலின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வே தன் தலைமைப் பட்டறையைச் செந்தூலில் அமைத்தது. அதைச் சூழ்ந்து ஒரு தமிழ்க் குடியிருப்பு வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பட்டறையிலும் தண்டவாளத்திலும் உழைத்தனர். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் பணியாற்றினர். அண்மையில் ஈப்போ சாலையில் நகரத்தார் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர்.

இம்மூவர் பிரிவும் ஒரு தன்மையது அன்று. நகரத்தார் கொண்டுவிற்கப் போதல் என்று சொல்லிப் புறப்பட்டு, கிட்டங்கியில் ஆடவராகவே கூடி வாழ்ந்து, மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊர் திரும்புவர். திரும்பும் நாள் முன்னரே தெரிந்த பிரிவு அது. யாழ்ப்பாணத்தாருக்கோ மாதச் சம்பளமும் விடுப்பும் ஓய்வூதியமும் இருந்தன. அவர்கள் அனுப்பிய பணத்தால் யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் கல்வீடுகள் எழுந்தன. நாட்கூலி பெற்ற தொழிலாளிக்கு மட்டுமே தவணையும் இல்லை. ஊர் செல்ல உறுதியான வழியும் இல்லை.

1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயா இந்தியரில் ஆயிரம் ஆடவருக்குச் சுமார் 170 பெண்டிரே இருந்தனர். இது தற்செயலாக நேர்ந்ததன்று. தனியொருவனின் வயிற்றுக்குப் போதுமான கூலியே தரப்பட்டது. அவன் பிள்ளைகளை வளர்ப்பதும் பெற்றோரைப் பேணுவதும் ஊரிலிருந்த பெண்ணின் பொறுப்பாயின. மலாயாவின் இரயிலும் ரப்பரும் அவளுடைய உழைப்பாலும் வளர்ந்தன. ஆயினும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் அவள் பெயர் ஏறவில்லை.

இவ்வாழ்வில் இன்பமே இல்லை என்பதற்கில்லை. பண்ணையாரின் பிடியிலிருந்து விலகிக் கையில் ரொக்கக் கூலி பெறுவதே பலருக்குப் புதுமை. ஒரே ஊரார் உடன்பிறந்தாரைப் போல் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்து, நோயிலும் சாவிலும் துணை நின்றனர். 1905-இல் பத்துமலைக்குச் செந்தூல் வழியே இரயில் கிளைப்பாதை அமைந்தது. தைப்பூசத்தன்று அங்குத் திரண்ட கூட்டத்தில் உறவைப் பிரிந்தோர் தம் ஊரையே கண்டிருப்பர்.

ஆயினும் கடல் எத்துணை அகன்றது என்பதை இடர் வந்த காலமே உணர்த்தியது. 1930-க்குப் பின் நேர்ந்த பொருளாதார மந்தத்தில், வேலையிழந்த இந்தியர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் கூலியாட்களின் பயணத்தைத் தடை செய்தது. 1942 தொடக்கத்தில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பல் நின்றது, கடிதமும் பணமும் நின்றன. பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மீளாதார் பலர். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறையின்மீது குண்டு வீசின. மூன்றரை ஆண்டுக் காலம், கணவன் உளனோ இலனோ என்று அறியாமலே தமிழ்நாட்டில் எத்தனையோ மகளிர் காத்திருந்தனர்.

இதற்கிடையே மாறுதலும் நிகழ்ந்துகொண்டிருந்தது. பெண்டிர் வரத் தொடங்கினர்; பிள்ளைகள் இங்கேயே பிறந்தனர். 1957-இல் ஆயிரம் ஆடவருக்குச் சுமார் 690 பெண்டிர் என்னும் நிலை வந்தது. தங்குமிடமாக இருந்த செந்தூல் ஊராயிற்று. அதனை ஊராக்கியது பட்டறையன்று. அடுப்பும் தொட்டிலும் பள்ளிக்கூடமுமே ஆகும்.

எனினும் சட்டம் சில குடும்பங்களைச் சேரவிடவில்லை. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வாயிலைக் குறுக்கியது. 1959-இல் எடுத்த நடவடிக்கை, நெடுங்காலம் பிரிந்திருந்த மனைவியரும் குழந்தைப் பருவம் கடந்த பிள்ளைகளும் வருவதைத் தடுத்தது. பிரிவினால் துன்புற்றோர்க்கு அப்பிரிவே குற்றமாக எண்ணப்பட்டது! 1969-க்குப் பின், குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரவர் இந்தியா திரும்பினர்.

இன்று செந்தூலில் அப்பட்டறை இயங்கவில்லை. பழைய இரயில்வேக் கட்டடமொன்று 2005 முதல் கலையரங்கமாக விளங்குகிறது. ஆனால் பிரிவு முடிந்துவிடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து கோலாலம்பூர் உணவகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் உழைக்கும் இளைஞர் பெறும் தற்காலிக வேலை அனுமதி, மனைவி மக்களை உடனழைத்து வர இடந்தருவதில்லை. கடிதம் கைப்பேசியாக மாறியிருக்கிறது, அவ்வளவே. பழைய மரபாகத் தோன்றியது இன்று அரசாணையாக நிற்கிறது.

அவ்விளைஞரை வெளிநாட்டான் என்று ஒதுக்கும் சொல் நம்மவர் வாயிலும் சில வேளை பிறக்கிறது. நூறாண்டுக்கு முன் செந்தூலில் வந்திறங்கிய பாட்டனும் அவ்வாறே தனித்து வந்தவன் அல்லனோ? பொருள்வயிற் பிரிவைக் கற்பிக்கும் ஆசிரியர், நூலில் உள்ள தலைவனோடு இவ்விருவரையும் சேர்த்து மாணவர்க்குக் காட்டுவாராக.