ஆடும் பல்லும் பொற்கம்பியும்

ஆடும் பல்லைப் பொன்னால் கட்டலாமா? ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே நம் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்த வினாக்களுள் இதுவும் ஒன்று. வெள்ளியால் கட்டலாம், பொன்னால் கூடாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). பொன்னாலும் கட்டலாம் என்றார்கள் அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்). ஷாபிஈ மத்ஹபில் இதற்குத் தடையில்லை. இந்தக் கருத்து வேறுபாட்டைக் காட்டிலும் அதற்கு அடியில் கிடக்கும் உடன்பாடே நம் சிந்தனைக்குரியது. ஆடும் பல் காக்கத்தக்கது என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே, எந்த உலோகத்தால் காப்பது என்று அவர்கள் விவாதித்தனர்.

ஷாபிஈகளும் ஹனஃபிகளும் ஒரே வரிசையில் நின்று தொழும் ஊர் வடசென்னை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பல் ஆடுகிறது என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? உடற்சூடு என்பார்கள், உப்புநீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள், இறுதியில் பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தெளிந்திருந்த ஒன்று நம்மிடையே எவ்வாறு மங்கியது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அர்ஃபஜாவின் மூக்கு

மேற்கண்ட விவாதத்துக்கு அடிப்படையான நபிமொழி அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் செய்து பொருத்திய மூக்கு நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பணித்தார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், ஊனம் நீங்குவதற்காக அவ்விலக்கு தளர்த்தப்பட்டது. அறிஞர் பலர் தம் பற்களைப் பொன்னால் கட்டிக்கொண்டதாக இமாம் திர்மிதி (ரஹ்) இந்நபிமொழியை ஒட்டியே குறிப்பிடுகிறார்கள்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாதத்தை மர்கீனானியின் 'ஹிதாயா' விளக்குகிறது. பொன் அடிப்படையில் விலக்கப்பட்டது. தேவைக்காக மட்டுமே அனுமதி. பல்லைப் பொறுத்தவரை அத்தேவை வெள்ளியாலேயே நிறைவேறிவிடுகிறது. மூக்கின் நிலை வேறு, அங்கே வெள்ளி நாற்றமெடுத்தது. வாயில் வெள்ளி கெடுமா, கெடாதா என்பதையே இந்த வாதம் சார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு விடை சொல்லக்கூடியவர் மருத்துவர். அந்த விடை குர்துபாவிலிருந்து வந்தது.

ஸஹ்ராவியின் சுரண்டிகள்

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. 936 அளவில் பிறந்து 1013 அளவில் மறைந்தார். அவருடைய 'கிதாபுத் தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் வரைபடங்கள் அதில் உண்டு. ஆடும் பற்களைத் திடமான அண்டைப் பற்களோடு சேர்த்து மெல்லிய பொற்கம்பியால் பின்னிக் கட்டும் முறையை அவர் வரைபடத்துடன் விளக்குகிறார். பொன்னை ஏன் தேர்ந்தார் என்பதற்கும் காரணம் சொல்கிறார்: வெள்ளி சில நாட்களிலேயே பச்சை பூத்துக் கெட்டுவிடும், பொன் மாறாது. அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கில் நேர்ந்ததையே இம்மருத்துவர் வாயிலும் கண்டிருக்கிறார்.

பல்லைக் கட்டுவது மட்டும் அவர் பணியன்று. ஈறுக்கு மேலும் கீழும் பற்களின் பக்கங்களில் கரடுமுரடான காரை படிந்து, அவை கறுத்தும் மஞ்சளித்தும் போவதையும், அதனால் ஈறு கெடுவதையும் அவர் எழுதுகிறார். நோயாளியை முன்னே அமர்த்தித் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, அக்காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும். இதற்கென வெவ்வேறு வடிவில் பதினான்கு சுரண்டிகளை அவர் வரைந்து காட்டுகிறார். பல்லின் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, இடுக்குக்கு வேறொன்று. பிடுங்குவதில் அவசரம் கூடாது என்றும், எல்லா வழிகளையும் முயன்ற பின்னரே அதைச் செய்யவேண்டும் என்றும் எச்சரிக்கிறார். நோயுற்ற பல்லை விட்டு நல்ல பல்லைப் பிடுங்கும் நாவிதர்களை அவர் கடிந்துகொள்வதும் உண்டு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைடோவில் கிரமோனா நகர ஜெரார்டு இப்பகுதியை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர். 1728-இல் பாரிசில் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கெனத் தனிப் பெருநூல் வெளியிட்டபோது, அத்துறை தனிக்கலையாக வடிவு பெற்றது. இந்தியாவில் அதற்கு முதற்கல்லூரி கண்டவரும் ஒரு முஸ்லிமே. கிழக்கு வங்கத்தில் 1890-இல் பிறந்து அலிகாரில் பயின்ற டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றினார். தாயகம் திரும்பி 1920-இல் கல்கத்தாவில் கல்லூரியைத் தொடங்கினார். தாம் நடத்திய குளிர்பானக் கடையின் வருவாயையே அதற்குச் செலவிட்டார். ஸஹ்ராவியின் கலை சுற்றுவழியாக நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

குச்சியும் கருவியும்

வீட்டில் நம்மிடம் எஞ்சியது மிஸ்வாக். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற கருணையினால் மட்டுமே அண்ணலார் (ஸல்) அதை ஒவ்வொரு தொழுகைக்கும் கட்டாயமாக்கவில்லை. தம் இறுதி நேரத்திலும் அன்னை ஆயிஷா (ரலி) மென்று மிருதுவாக்கித் தந்த குச்சியால் அவர்கள் பல் துலக்கியதை 'புகாரி' பதிவு செய்துள்ளது. அராக் என்று அரபியர் அழைக்கும் அம்மரம் தமிழ்நிலத்துக்கு அயலானதன்று. குறுந்தொகை பேசும் உகாய் மரம் அதுவே. நம் கடற்கரை உவர்நிலங்களிலும் வளர்வது.

1986-இல் உலக சுகாதார நிறுவனம் மிஸ்வாக்கைப் பரிந்துரைத்தது. 2011-இல் சுவீடன் ஆய்வாளர்கள், அதன் வேரிலுள்ள பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருள் சில பாக்டீரியாக்களை ஆய்வுக்கூடத்தில் விரைந்து கொல்வதைக் காட்டினர். அவற்றுள் ஒன்று அக்ரிகேடிபாக்டர் என்ற இனத்தைச் சேர்ந்தது; இளையோரின் பற்களை ஆட்டங்காணச் செய்யும் நோயோடு தொடர்புடையதும் அதுதான்.

அந்நோய் அரிதானது, ஆனால் வஞ்சகமானது. பருவமடையும் வயதையொட்டித் தொடங்கும். முதல் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் தாங்கும் எலும்பை விரைந்து கரைக்கும். வெளியே காரையோ வீக்கமோ அதிகம் தெரியாது. ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தோருக்கும் வரக்கூடும். மொராக்கோவில் வளரிளம் பருவத்தினரைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு, இப்பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட வகையைச் சுமந்தவர்களுக்கு ஆபத்து பதினெட்டு மடங்கு என்று கண்டது. தொழுகை கடமையாகும் பருவமும் இந்நோய் தலைகாட்டும் பருவமும் ஒன்றே. ஏழு வயதில் தொழக் கற்பிக்கும்போதே பல் துலக்கவும் கற்பிக்கும் மரபின் அருமை இங்கே விளங்கும்.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குச்சி மிருதுவான படிவை அகற்றும். இறுகிய காரையை அகற்றாது. ஈறுக்கு அடியில், பல்லின் வேரை ஒட்டிய பையில் புகுந்த நோயை அது எட்டாது. ஆய்வுக்கூடத்துக் குப்பியில் கண்ட பயன், எலும்பு கரைந்த வாயில் மருந்தாகிவிடாது. இதை அறிந்துதானே ஸஹ்ராவி சுரண்டிகளை வரைந்தார்? மிஸ்வாக்கின் சிறப்பை அறியாதவரல்லர் அவர். காப்பது வேறு, குணப்படுத்துவது வேறு என்பதை அறிந்தவர். நாமோ குச்சியை வைத்துக்கொண்டு கருவியை மறந்தோம்.

ஈறில் கசியும் இரத்தம்

இம்மறதியோடு ஓர் அச்சமும் சேர்கிறது. ஹனஃபி மத்ஹபின்படி, ஈறிலிருந்து கசியும் இரத்தம் உமிழ்நீரை மிகைத்தால் உளூ முறியும். ஷாபிஈகளுக்கு அவ்வாறில்லை. மிஸ்வாக்கைத் தொழுகைக்கு நிற்கும்போதன்றி உளூவின்போதே செய்வது நன்று என்பதற்கு இவ்விரத்தக் கசிவையே காரணமாகக் காட்டிய ஹனஃபி அறிஞர்களும் உண்டு. அவர்கள் நேரத்தை மாற்றச் சொன்னார்கள். துலக்குவதை விடச் சொல்லவில்லை. இரத்தம் வருகிறதென்று பிள்ளை துலக்குவதை நிறுத்தினால் படிவு பெருகும். படிவு பெருகினால் இரத்தம் மேலும் கசியும். கசிவு, துலக்குவதைக் கைவிடுவதற்கான காரணமன்று. மருத்துவரிடம் செல்வதற்கான அறிகுறி.

செல்வதற்கு இடமில்லாத ஊருமன்று இது. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எழுந்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து, மக்கள் நாவில் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'யாக வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாக 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ளது. ஸஹ்ராவியும் இப்னு ஸீனாவும் வளர்த்த மருத்துவ மரபின் வழிவந்த யூனானிக்கு, ராயபுரத்திலேயே மத்திய அரசின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாசிக்காயும் படிகாரமும் மாதுளை ஓடும் சேர்ந்த யூனானிப் பற்பொடிகள் தளர்ந்த ஈறை இறுக்கத் துணைசெய்யலாம். ஆயினும் பதின்ம வயதில் பல் ஆடினால், ஊடுகதிர்ப் படம் எடுத்து எலும்பின் நிலையைப் பார்த்தாக வேண்டும். நீரிழிவோ இரத்த நோயோ பின்னணியில் உண்டா என்று சோதிக்க வேண்டும். வேரைச் சுரண்டித் தூய்மை செய்து, தேவையெனில் மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் உட்கொள்ள வேண்டும். உரிய காலத்தில் செய்தால் பல பற்களைக் காப்பாற்றிவிடலாம். அதன் பின்னரே கட்டுவது. இன்று பொன் தேவையில்லை. எஃகுக் கம்பியும் பிசினும் போதும். மத்ஹபுகளின் அப்பழைய வினாவும் இத்துடன் எளிதாகிவிடுகிறது.

மூக்கு கெட்ட ஒரு தோழரை நாற்றத்தோடு இருந்துகொள் என்று அண்ணலார் (ஸல்) விட்டுவிடவில்லை. அதற்கெனப் பொன்னின் விலக்கையே தளர்த்தினார்கள். அந்தப் பரிவு நம் பிள்ளைகளுக்கும் உரியது. பேசும்போது கையால் வாயை மறைக்கும் பிள்ளை, தொழுகை வரிசையில் அருகிலிருப்பவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை நம் வீட்டிலும் இருக்கலாம். அவனை அழைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லும் கடமை தந்தைக்கும் தாய்க்கும் உண்டு.