நாற்பது பவுண்டு கூடாரம்

போன மாசம் டெண்ட் ஒன்று வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். பொண்ணு பத்தாவது எழுதி முடித்துவிட்டாள், லீவுக்கு ஊருக்கு வரமாட்டாளாம். குமாவுன் மலையில் பிண்டாரி பனியாறு வரைக்கும் நடந்தே போகணும் என்று ஒரே அடம். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தாமிரபரணியை விட இமயமலைதான் அவளுக்குப் பக்கம். சரி என்றேன். தங்கமணி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டெண்ட் எத்தனை கிலோ? யார் தூக்கறது?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கூடாரத்தின் வரலாறே அந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் இதே பாதையில் போனோம். வாடகைக்குக் கிடைத்தது ஒரு பழைய கேன்வாஸ் கூடாரம். பட்டாளத்துச் சரக்கு. "நாற்பது பவுண்டர்" என்றார் கடைக்காரர். நம்ம பட்டாளத்தில் கூடாரத்துக்குப் பெயரே எடைதான்: 40 பவுண்டு, 80 பவுண்டு, 180 பவுண்டு. வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். 40 பவுண்டு என்றால் 18 கிலோ. அதுதான் அந்த வரிசையில் "லேசான" கூடாரம் :-)

லோஹார்கேத்திலிருந்து டாக்குரி வரைக்கும் செங்குத்தான ஏற்றம். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. பருத்தி கேன்வாஸ் நனைந்தால் நூல் உப்பி, நெசவின் இடுக்கு அடைபடும். அதனால்தான் அது மழை தாங்குகிறது. ஆனால் குடித்த தண்ணீரெல்லாம் எடையாகச் சேரும். அந்த எடையை நாங்கள் யாரும் தூக்கவில்லை. கூட வந்த போர்ட்டர்தான் தூக்கினார். ஐம்பது வயதிருக்கும். அந்தப் பக்கத்து வழக்கப்படி "தாஜூ" என்று கூப்பிட்டோம், அண்ணன் என்று அர்த்தம்.

ராத்திரி அடுப்புப் பக்கத்தில் சட்டையைக் காயவைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "என் தாத்தாவும் இந்தப் பாதையில் கூடாரம் தூக்கினவர்தான். அவருக்குக் கூலி கிடையாது. எனக்கு உண்டு."

எனக்கு அப்போது அது முழுசாகப் புரியவில்லை. டெல்லி வந்த பிறகு தேடிப் படித்தேன்.

கூடாரம் பெரிசாக இருக்கணும் என்பது ராஜாக்கள் காலத்து எண்ணம். அக்பரின் பாசறை ஒன்றைத் தூக்கிப்போக 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமைகூலிகள் என்று அபுல் ஃபசல் அயினி அக்பரியில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். ஒரு பாசறையில் தங்கியிருக்கும்போதே இன்னொன்று அடுத்த ஊரில் தயாராகிவிடும். பின்னால் வந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் சுற்றுப்பயணத்துக்கும் வேட்டைக்கும் அதே பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். சமவெளியில் யானையும் மாட்டுவண்டியும் சுமந்தன. மலையில் வண்டி போகாதே? அங்கே மனுஷன் சுமந்தான்.

குமாவுனில் அதற்குப் பெயர் "கூலி பேகார்". ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரெஜிஸ்டர். அதில் ஊர்க்காரர்கள் பெயர். அதிகாரியோ, பட்டாளமோ, வேட்டைக்கு வந்த துரையோ யார் வந்தாலும், முறை வந்தவர் ஏரை வயலில் விட்டுவிட்டுச் சாமான் தூக்க வரணும். கூலி பெயருக்குக் கொஞ்சம், பல நேரம் அதுவும் இல்லை.

1921 ஜனவரியில், சரயுவும் கோமதியும் சேருகிற பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழா. நமக்குப் பொங்கல் வருகிற அதே சமயம். பத்ரி தத் பாண்டே முதலானவர்கள் முன்னே நிற்க, கூடியிருந்த ஆயிரக்கணக்கான ஜனங்கள் "இனி பேகார் சுமக்கமாட்டோம்" என்று சரயுத் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். கூலி ரெஜிஸ்டர்களைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள். அத்தோடு அந்த முறை உடைந்தது. 1929-இல் காந்தி பாகேஷ்வருக்கே வந்தார். நாம் பொங்கலுக்கு முன்னால் பழையதைக் கொளுத்துகிறோம், அவர்கள் ஆற்றோடு விட்டார்கள்.

இது ஒரு பக்கம். கூடாரம் லேசானது வேறு ஒரு கதை, அது துணியின் கதை.

1860-களில் ஆல்ப்ஸ் மலையேறிய எட்வர்ட் விம்பர், ஒரே ஆள் சுமக்கக்கூடிய கூடாரம் ஒன்றை வடிவமைத்தார். பிறகு மம்மரி என்பவர் மெல்லிய பட்டுத்துணியில் ஒன்று செய்து, கம்புக்குப் பதிலாகப் பனிக்கோடரியையே நட்டார். அவர் 1895-இல் நங்க பர்வதத்தில் காணாமல் போனார். அமெரிக்காவில் நெஸ்முக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் சியர்ஸ் நோஞ்சான் உடம்புக்காரர். காட்டில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிறவன் தன் சுமையைத் தானே தூக்கும் அளவுக்குக் குறைக்கணும் என்று 1884-இல் புத்தகமே போட்டார். 1930-களில் நைலான் வந்தது. 1953 எவரெஸ்ட் கூடாரங்கள் பருத்தியும் நைலானும் கலந்து நெய்தவை. அப்புறம் சிலிக்கான் பூசிய நைலான், அலுமினியக் குழாய்... எடை இறங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்கும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் அடித்தளமே இல்லாத கூம்புக் கூடாரத்தோடு போகிறார்கள். திரும்பும்போது இறைச்சியும் முதுகில் ஏறுமே! நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு ஷிகார் முடிவுக்கு வரத் தொடங்கியது. மலைக்குக் கூடாரத்தோடு போவது நம்ம மாதிரி நடக்கிறவர்கள்தான்.

சரி, கடைசியில் எதை வாங்கினேன்? நடைக்கம்பையே தூணாக வைக்கும் ஒரு கிலோ ரகமும் பார்த்தேன் (மம்மரியின் பேரப்பிள்ளை!). ஒற்றைத் துணி என்பதால் மூச்சுக்காற்று உள்ளே நீராகப் படிந்து சொட்டும், மூன்று பேர் படுத்தால் கேட்கவே வேண்டாம். அதனால் உள்கூடு, மேல்துணி என்று இரண்டு அடுக்கு உள்ளதாக, மூன்று பேருக்கு ஒன்று. பெட்டி நிறுக்கும் தராசில் பொண்ணு மாட்டிப் பார்த்தாள்: 2 கிலோ 700. உள்கூடு அவளுக்கு, மேல்துணி தங்கமணிக்கு, குழாயும் ஆணியும் எனக்கு.

"அப்போ போர்ட்டர் வேண்டாமாப்பா?" என்றாள்.

அங்கேதான் இடிக்கிறது. எடை குறைந்ததென்று எல்லாவற்றையும் நாமே தூக்கிக்கொண்டு போனால், தாஜூ மாதிரி ஆட்களின் அந்த நாலு நாள் கூலியும் போகும். அவர் தாத்தா தலைமுறை போராடியது சுமக்காமல் இருப்பதற்கு மட்டும் இல்லையே. "மாட்டேன்" என்று சொல்லவும், சுமந்தால் கூலி கேட்டு வாங்கவும் உரிமை வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதனால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கண்டிப்பாகக் கூட்டிப்போகிறோம். வழி காட்டட்டும், அரிசி பருப்பு தூக்கட்டும். எத்தனை கிலோ என்பதை அவர் சொல்லட்டும், கூலியை முதலிலேயே பேசிவிடலாம்.

கூடாரம் மட்டும் எங்கள் முதுகில்தான். பொண்ணிடம் காரணம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாகேஷ்வர்ல அந்த ஆத்தங்கரையிலே ஒரு பத்து நிமிஷம் நிக்கலாமாப்பா?" என்றாள்.

நிற்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.