தனுஷ்கோடி: நூற்றுப் பதினைந்தும் ஆயிரத்து எண்ணூறும்

இயற்கைப் பேரிடர்களின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு முதற்சான்றாகக் கிடைப்பவை பெரும்பாலும் செய்தித்தாள்களே. அடுத்து வருவன அரசாணைகளும் இலாகா அறிக்கைகளும். கரையில் இருந்தவர்களின் சொல் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. பல வேளைகளில் வந்து சேர்வதே இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை இந்த நோக்கில் மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். நம்மில் பலரும் அறிந்த கதைதான். ஆனால் அதில் எதை அறிந்திருக்கிறோம், அது எவ்வழியாக நம்மை வந்தடைந்தது என்பதை நாம் அதிகம் யோசித்ததில்லை.

நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, மேற்கு நோக்கி நகர்ந்து கடும் புயலாகி, வவுனியா வழியாக இலங்கையின் வடபகுதியைக் கடந்து, டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக்கு நீரிணை, நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. கடல் புகுந்தால் ஒதுங்குவதற்கு மேடு என்று ஒன்று அங்கே கிடையாது. அன்றிரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய வேளையில் அலையில் சிக்கியது. பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர் என 115 பேர் மாண்டனர் என்பது ரயில்வே கணக்கு. பாம்பன் பாலம் சிதைந்தது, தொலைத்தொடர்பு அறுந்தது. வெளியுலகிற்குச் செய்தி தாமதமாகவும் துண்டு துண்டாகவுமே வந்தது.

அவ்வாறு வந்த செய்திகளுள் மூன்று நிலைபெற்றுவிட்டன. முதலாவது, ரயில். இரண்டாவது, பாலம், ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்ட சீரமைப்பை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாட்களில் முடித்தது இன்றும் சாதனையாகப் பேசப்படுகிறது. மூன்றாவது, ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அச்சமயம் இராமேஸ்வரத்தில் சிக்கி, உயிர்தப்பித் திரும்பியது. மூன்றும் உண்மையே. ஆனால் மூன்றும் வெளியூர் வாசகனுக்கு ஏற்கெனவே பழக்கமானவற்றைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. ரயிலில் அவன் பயணம் செய்திருக்கிறான். பாலம் அரசின் பெருமை. நட்சத்திரங்களின் முகங்களை அவன் அறிவான். தனுஷ்கோடி மீனவனை அவன் அறியான்.

இனி எண்களுக்கு வருவோம். ரயிலில் இறந்தோர் 115. புயலில் இறந்த மொத்தப் பேர் ஏறத்தாழ 1,800 என்பது பரவலாக வழங்கும் மதிப்பீடு. முதல் எண் ஒன்றுவரை துல்லியமாக இருக்கிறது. இரண்டாவது முழு நூறுகளில் நின்றுவிடுகிறது. காரணம் எளிது. பயணச்சீட்டு வாங்கியவர்க்குக் கணக்கு உண்டு. ஊழியருக்குப் பதிவேடு உண்டு. கரையோரக் குடிசையில் உறங்கியவருக்கும், படகோடு போனவருக்கும் எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. சீட்டு வாங்காமல் அதே ரயிலில் ஏறியிருக்கக்கூடியவர்களும் 115க்கு வெளியே நிற்பவர்களே. செய்தி எண்களைக் கொண்டு பேசுகிறது. எண்ணப்படாதவர்கள் அதில் ‘ஏறத்தாழ’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போகிறார்கள். ஊரிலோ கணக்கு வேறுவிதமானது. எந்த வீட்டில் யார் திரும்பவில்லை என்று பெயர்களாகவே அது இருக்கும். அந்தப் பட்டியலைத் தொகுக்க வேண்டும் என்று அக்காலத்தில் யாருக்கும் தோன்றியிருந்தால், இன்று நமக்கு முழு நூறுகளோடு நிற்க வேண்டிய நிலை இருந்திராது.

இன்னொன்று. நம் செய்தி நினைவில் இப்புயல் தனுஷ்கோடியில் தொடங்கித் தனுஷ்கோடியில் முடிகிறது. அதே புயல் சற்று முன்னர்தான் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளைச் சிதைத்துவிட்டு வந்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயரிட்டு அழைக்கும் கடலோடிகளுக்கு இரு கரைக்கும் நடுவில் இருப்பது ஒரே கடல். 1914 முதல் ரயிலும் கப்பலுமாகத் தலைமன்னாரோடு பிணைந்திருந்த துறைமுகம் தனுஷ்கோடி. இருந்தும் ஒரே புயலின் சாவுகள் இரு நாட்டுச் செய்திகளாகப் பிரிந்தன.

புயலுக்குப் பின் அரசு அவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்றது என அறிவித்தது. ரயில் பாதை மீண்டும் போடப்படவில்லை. இடிந்த தேவாலயமும் நிலையமும் படங்களாயின. ‘பேய் நகரம்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. ஆனால் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். கடல் அங்கே இருக்கையில் அவர்கள் வேறெங்கே செல்வது? மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்து, பல பத்தாண்டுகள் மின்கம்பி எட்டாத குடிசைகளில் வாழ்ந்தார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் பெருகிய சுற்றுலாப் பயணிகள், ஆளில்லாத நகரைப் பார்க்கவென்றே வந்து, அங்கே வாழ்பவரிடம் மீனும் சங்கும் வாங்கித் திரும்புகிறார்கள். ஆளில்லை என்று பெயர்பெற்ற ஊருக்குச் சாலையும் விளக்கும் கேட்டுப் பெறுவது எளிதன்று என்பதை அம்மக்கள் நன்கு அறிவார்கள்.

சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, தொலைக்காட்சி இருந்தது, இணையம் இருந்தது. இலங்கையிலிருந்து உலகெங்கும் சென்ற படங்களுள் மறக்கவியலாதது தென்கரையின் பெரலியவில் கவிழ்ந்து கிடந்த ரயில். அதில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஆயினும் இலங்கையில் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது கிழக்கில் உள்ள அம்பாறை மாவட்டம். அதற்கு அப்படியொரு படம் வாய்க்கவில்லை.

செய்தியாளரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அறுந்த கம்பிகளுக்கும் குறுகிய பத்திகளுக்கும் இடையே அவர்கள் தந்ததாலேயே இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. ஆனால் அவர்கள் விட்ட இடத்தில் வரலாறும் நின்றுவிட வேண்டியதில்லை. 1964இல் சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். தனுஷ்கோடியிலும் இராமேஸ்வரத்திலும், அக்கரையில் தலைமன்னாரிலும் அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ள எஞ்சியிருக்கும் காலம் மிகச் சொற்பம்.