சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் திருமண்டலம்

சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் திருமண்டலம் என்பது இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த, ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட சபைப் பகுதியாகும். சீனர், தமிழர், மலாய் பேசுவோர் ஆகியோரிடையே நடந்த மறைப்பணியில் வேரூன்றிய இத்திருமண்டலம் 1909இல் தனி அமைப்பாயிற்று.

தொடக்கத்தில் சிங்கப்பூர்ச் சபை கல்கத்தாப் பேராயரின் பொறுப்பில் இருந்தது. இன்றைய புனித அந்திரேயா பேராலயத்துக்கு, கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1856இல் அடிக்கல் நாட்டினார். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்த அக்கோயில் 1862இல் அருட்பொழிவு பெற்றது. அதன் சுவர்களில் பூசப்பட்ட மதராஸ் சுண்ணாம்பு, சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைக்கப்பட்ட சாந்தாகும். செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப்பூச்சும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1869இல் சிங்கப்பூர், கல்கத்தாவிலிருந்து பிரிக்கப்பட்டு, போர்னியோத் தீவின் லபுவான்–சராவாக் பேராயரின் பொறுப்பில் வைக்கப்பட்டது.

1856இல் தோன்றிய புனித அந்திரேயா சபை மறைப்பணி, ஐரோப்பியருக்கு அப்பாலும் சபையைக் கொண்டு சென்றது. 1872இல் சராவாக்கிலிருந்து வந்து பொறுப்பேற்ற வில்லியம் கோமஸ் என்னும் குருவின் காலத்தில் சீனம், தமிழ், மலாய் மொழிகளில் வழிபாடுகள் வளர்ந்தன. அம்மக்களுக்கென 1875இல் புனித பேதுரு ஆலயம் கட்டப்பட்டது. முதல் பேராயர் ஃபெர்குசன்-டேவியின் மனைவியும் மருத்துவருமான சார்லட் 1913இல் தொடங்கிய மருத்துவப் பணி, ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகமாகி, 1923இல் மருத்துவமனையாகவும் விரிந்தது.

ஜப்பானிய ஆட்சியில் பேராயர் லியனார்டு வில்சன் 1943இல் சிறைப்பட்டபோது, டி. டி. செல்லையா உள்ளிட்ட ஆசியக் குருமார் சபையைத் தாங்கினர். 1966இல் சியூ பான் இட் முதல் ஆசியப் பேராயரானார். 1970இல் மேற்கு மலேசியா தனித் திருமண்டலமாகப் பிரிந்தது; அதன் பேராயராக ஜான் சவரிமுத்து 1973 முதல் 1994 வரை பணியாற்றினார். 1996இல் தென்கிழக்காசிய மாகாணம், அதாவது பல திருமண்டலங்களின் கூட்டமைப்பு, உருவானபோது, சிங்கப்பூர்ப் பேராயர் மோசஸ் டே அதன் முதல் தலைமைப் பேராயரானார்.

சீனரிடையே நடந்த பணியாக மட்டும் இவ்வரலாற்றைக் காண்பது குறைபாடாகும். இந்தியக் கைதிகளின் உழைப்பும் தமிழ்க் குருமாரின் தொண்டும் அதன் அடித்தளத்தைச் சேர்ந்தவை.